ஊர்க்கலவை நூறு

வலம்புரி சுற்றுக்கலம், ஆய்வகப் பதிவு
பதிபவர்: டெல்பின் அமலதாஸ், மருத்துவ ஆய்வாளர்

ஆண்டு 7, நாள் 203. 08:40

காலைக் கட்டுப்பாட்டுச் சோதனை: ஊர்க்கலவையை இரண்டு முறை ஓட்டினேன். 100, 101. ஏற்கத்தக்கது. கருவியின் வெப்பநிலை சரி. கலத்துக்குள் எடை தரும் சுழற்சியும் சரி. குடிநீர்த் தொட்டி பாதிக்கு மேல் இருக்கிறது. சுத்திகரிப்பான் வழக்கம்போல் முனகுகிறது.

தூது ராக்கெட் நேற்று வந்து சேர்ந்தது. உள்ளே புதுக்கரைக் குடியிருப்பின் ரத்தக் குப்பிகள். தைராய்டுச் சோதனை வரிசை முடிந்தது: எல்லாரும் 94க்கும் 107க்கும் நடுவில். எல்லாரும் இயல்பு. செவ்வாயைத் தனியாகச் சுற்றிக்கொண்டு, கீழே இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதுதான் என் உத்தியோகம். தரையில் வைத்த முதல் கருவி செந்தூசியில் கண் அவிந்துபோனது. அதனால் ஆய்வகத்தை மேலேயே நிறுத்திவிட்டார்கள், அதோடு சேர்த்து என்னையும்.

இதைக் கண்டெடுப்பவர் யாரோ தெரியாது. அதனால் ஊர்க்கலவை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கருவி சொல்லும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. விடை முன்பே தெரிந்த ரத்தநீரை முதலில் கொடுத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுதான் கட்டுப்பாட்டு நீர். முன்பெல்லாம் பூமியிலிருந்து குப்பியில் வரும். மூன்றாவது சரக்குக் கப்பல் வரவில்லை, பூமியின் குரலும் நின்றுவிட்டது. ஆகவே நாங்களே செய்துகொள்கிறோம். ஆண்டுதோறும், செவ்வாயில் முதலில் தரைதொட்ட நாளில் நோயில்லாத எல்லாரும் ஆளுக்கொரு குப்பி ரத்தம் தருவார்கள். கீழே அன்றைக்குப் பாயசமும் பாட்டுமாக ஊரே அமர்க்களப்படும். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையின் அளவை நூறு என்று குறிப்பேன். அடுத்த ஓராண்டுக்கு அந்த நூறுதான் ஊருக்கே அளவுகோல்.

என் ரத்தம் அதில் சேர்வதில்லை, ஏனென்றால் நான் நோயாளி. முதல் ஆண்டில் நானும் நூறுதான். அப்புறம் ஏறிக்கொண்டே போய் நூற்றறுபதைத் தாண்டியதும், கீழே இருக்கும் டாக்டர் ஹபீப் தைராய்டை அடக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நூற்று முப்பதில் நிற்கிறது. நான் சிடுசிடுப்பதற்கும் இந்தச் சீக்குதான் காரணம் என்று கீழே பேசிக்கொள்கிறார்களாம். தூத்துக்குடியில் இருந்தபோதும் எனக்கு இதே வாய்தான். அதை யார் போய்ச் சொல்வது?

இன்றைய நல்ல செய்தி: என் தங்கை பிரிஸ்காவின் கைக்குழந்தை கஸ்பாரின் குதிகால் ரத்தம். 97. புதுக்கரையின் தாதியே பிரிஸ்காதான். அவளே மகனைக் குத்தி, ரத்தம் எடுத்து, அவளே கொஞ்சம் அழுதும் இருக்கிறாள்.

09:25. வானொலி, பிரிஸ்கா:

"அக்கா, பிள்ள அழவே மாட்டேங்கான். பால் குடிக்கக்கூட நாந்தான் எழுப்ப வேண்டியிருக்கு. இப்படித் தங்கமான பிள்ள யாருக்குக் கெடைக்கும்?"

அவள் தொண்டை கட்டியிருந்தது. சளியா என்று கேட்டேன். இல்லையாம், இப்போதெல்லாம் ஊரில் எல்லாருக்குமே குரல் அப்படித்தானாம்.

ஆண்டு 7, நாள் 205. 11:15

உறைபெட்டியில் ஏறியிருந்த பனியைச் செதுக்கினேன். பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு பூமிக் குப்பி. உலர்தூள் வடிவில் கட்டுப்பாட்டு நீர், முத்திரை உடையாதது. முதல் ஆண்டில் இதே தயாரிப்பை வைத்துத்தான் நூறைக் குறித்தேன். காலாவதி ஆகி நெடுநாளாகிறது. விதிப்படி குப்பையில் போடவேண்டும்.

குப்பையில் போடவில்லை. சும்மா பார்ப்போமே என்று தண்ணீர் சேர்த்துக் கரைத்து ஓட்டினேன். அது 100 காட்டவேண்டும்.

246.

சிரிப்பு வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வேகவைக்கக்கூட இந்தக் கருவி லாயக்கில்லை என்று திட்டினேன்.

14:10

மறுபடி 244. மறுபடி 247. நடுவில் ஊர்க்கலவையை ஓட்டினேன்: 100. கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது.

கெட்டுப்போன குப்பியாக இருக்கலாம். ஆனால் கெட்டுப்போனால் அளவு குறையும். நான் பார்த்தவரை எந்தக் குப்பியும் கெட்டுப்போய்க் கூடியதில்லை.

ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். குப்பி சரி, கருவியும் சரி. அப்படியானால் நூறுதான் தப்பு. ஒவ்வொரு ஆண்டும் ஊரே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இறங்கிய ரத்தத்தை எல்லாம் கலந்து நான் மறுபடி நூறு என்று பெயர் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் இறங்கியதும் அதற்கும் நூறு. இன்று புதுக்கரையில் நூறு என்றால் பூமியில் நாற்பது. ஊர் முழுக்க ஒன்றாகச் சரிந்ததால் யாருமே சரிந்ததாகத் தெரியவில்லை.

நான் ஏறவே இல்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குத்தான் நான்கு ஆண்டாக மாத்திரை விழுங்கியிருக்கிறேன்.

ஆண்டு 7, நாள் 206. 07:50

எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நான் குடிப்பது பூமியிலிருந்து வந்து, கலத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுத்தமாகும் தண்ணீர். அவர்கள் குடிப்பது தரைக்கடியிலிருந்து வெட்டியெடுத்து உருக்கிய பனி. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு உண்டு. அது தைராய்டுச் சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேராமல் மறித்துவிடும். வடிகட்டியில் உப்பைப் பிடித்துவைக்கும் பிசின் தீர்ந்ததும், அங்கேயே செய்த மாற்றுப் பிசினைப் போட்டார்கள். அது இந்த உப்பைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

குளிருகிறது என்று எல்லாரும் இரண்டு கம்பளிச் சட்டை போடுகிறார்கள். முடி கொட்டுகிறது. முகம் ஊதியிருக்கிறது. ஒரு சுவர் கட்ட முன்பைவிட இரண்டு மடங்கு நாளாகிறது. இதையெல்லாம் நானே கேலி பண்ணியிருக்கிறேன்.

பெரியவர்கள் தாங்குவார்கள். தண்ணீர் மாறினால், மாத்திரை கிடைத்தால் மீண்டுவிடுவார்கள். கைக்குழந்தை அப்படியில்லை. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் தைராய்டு நீர் கிடைக்காவிட்டால் மூளை வளராது. பின்னால் மலை மலையாகக் கொட்டினாலும் திரும்பாது. கஸ்பார் தங்கமான பிள்ளை அல்ல. கஸ்பாருக்கு அழச் சக்தியில்லை.

10:30. வானொலி, டாக்டர் ஹபீப்:

"டெல்பின், நீங்க அனுப்பினத ரெண்டு தடவ படிச்சேன். காலாவதியான குப்பி, அதுவும் ஒண்ணே ஒண்ணு. கரைக்கும்போது தண்ணி கொறஞ்சிருந்தா அளவு கூடத்தான் காட்டும். உங்களுக்குக் கை நடுக்கம் இருக்கு. கட்டுப்பாடு தவறினா ரிப்போர்ட் கெடையாதுன்னு எனக்குப் படிச்சுக்குடுத்ததே நீங்கதான."

நாடித்துடிப்பைப் பாருங்கள் என்றேன். பார்த்தாராம். அவருக்கு நாற்பத்தெட்டு, பிரிஸ்காவுக்கு ஐம்பது, ஊரில் எல்லாருக்கும் அந்தக் கணக்குத்தானாம். ஆகவே அதுதான் இயல்பு என்கிறார். அவரிடமும் ஒரு ஊர்க்கலவை இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஆசை தீர வைதுவிட்டு விட்டுவிடலாம்.

ஆண்டு 7, நாள் 209. 16:00

ஊர்க்கூட்டம் முடிந்தது. குடிநீரையாவது காய்ச்சி வடித்துக் குடியுங்கள் என்று கெஞ்சியிருந்தேன். முடியாதாம். மின்சாரம் மொத்தமும் அறைகளைச் சூடாக்கவே சரியாகப் போகிறதாம். ஏன் அவ்வளவு குளிர்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. என் செய்தியைக் கூட்டத்தில் வாசித்ததும் சிலர் பரிதாபப்பட்டார்களாம். சீக்கு முற்றிவிட்டது, பாவம், தனியாக வேறு இருக்கிறாள் என்றார்களாம். மாத்திரையை இரட்டிப்பாக்கும்படி டாக்டர் எழுதியிருக்கிறார்.

நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

கலத்தின் மருந்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். எங்கள் முதல் கேப்டனுக்குத் தொண்டையில் அறுவை செய்து தைராய்டை எடுத்திருந்தார்கள். அவருக்காக வைத்திருந்த, தைராய்டு நீருக்கு ஈடான மாத்திரைகள் ஒரு டப்பா இருக்கிறது. பழையதுதான், வீரியம் குறைந்திருக்கும். பெரியவர்களுக்குப் பங்கிட்டால் நாலு நாளுக்கு வராது. ஒரு கைக்குழந்தைக்குப் போதும்.

மாத்திரையை வெறுங்குப்பிகளுக்கு அடியில் வைத்துத் தூதில் அனுப்புகிறேன். பெட்டியைப் பிரிப்பவள் பிரிஸ்கா. கால் மாத்திரையை நுணுக்கித் தாய்ப்பாலில் குழைத்து, தினம் காலையில் கொடு என்று வானொலியில் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். வெகுநேரம் அவள் பேசவில்லை. கோபமா, யோசனையா, இல்லை அவளுக்கு இப்போது யோசிக்கவே இவ்வளவு நேரமாகிறதா என்று தெரியாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

16:40. வானொலி, பிரிஸ்கா:

"அக்கா, ஒன்னய நம்பவா டாக்டர நம்பவான்னு கேட்டா நா என்ன சொல்ல? ஒனக்கு மேலுக்கு முடியலன்னு எல்லாரும் சொல்லுதாவ. எம்பிள்ளைக்கு எதும் ஆச்சுன்னா ஒன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன், பாத்துக்க."

கொடுப்பாளா, தூக்கி எறிவாளா, தெரியவில்லை. என் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

ஆண்டு 7, நாள் 222. 08:15

ஊர்க்கலவை 99. என் ரத்தம் 212. மாத்திரை நிறுத்திய பிறகு கை கால்களில் சூடு வந்திருக்கிறது. மூளையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல் இருக்கிறது. டாக்டரைப் பொறுத்தவரை இந்த 212 என் நோய்க்கு அத்தாட்சி.

சுத்திகரிப்பானின் பம்பு நேற்று நின்றது. தட்டியதில் ஓடியது. தொட்டியில் தண்ணீர் வேகமாகக் குறைகிறது. எங்கோ கசிகிறது, இடம் அகப்படவில்லை.

08:50. வானொலி, பிரிஸ்கா:

"அக்கா, கேளு. கேக்கா? அவந்தான். விடியக்காலைல இருந்து கத்துதான்."

கேட்டது. தொண்டை கிழியக் கத்துகிறான். ஏழு ஆண்டில் நான் கேட்ட முதல் நல்ல சத்தம். ஆய்வக மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன், குப்பி ஒன்று உருண்டு உடைந்தது. பசித்தால் அழுகிறானாம், முகத்தைப் பார்க்கிறானாம், விரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறானாம்.

ஆனால் அவள் குரலில் சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் இருந்தது. புதுக்கரையில் இப்படி அழும் பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. அங்கே பிறந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் சாதுவாகப் படுத்திருப்பவர்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து எட்டிப்பார்த்து, என்ன சீக்கு என்று கேட்கிறார்களாம். இதுதான் சுகம் என்று அவர்களிடம் சொல் என்றேன். எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் கேட்டது.

ஆண்டு 7, நாள் 226. 09:30

தூது வந்தது. டாக்டர் குழந்தையைச் சோதித்திருக்கிறார். துடிப்பு நூற்று நாற்பது என்று குறிப்பு, பக்கத்தில் இரண்டு சிவப்புக் கோடு. கைக்குழந்தைக்கு நூற்று நாற்பதுதான் இருக்கவேண்டும். அவருக்கும் ஒரு காலத்தில் அது தெரியும்.

கஸ்பார்: 238.

பிரமாதமான எண். பூமியில் இதற்குப் பிரிஸ்காவுக்கு மிட்டாய் வாங்கிக்கொடுத்திருப்பேன். இங்கே இந்த எண்ணை அனுப்பினால் நாளைக்கே அவனுக்கு அடக்கும் மாத்திரை ஆரம்பிப்பார்கள்.

09:55

இத்தனை ஆண்டில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை. சொந்த ரத்தத்தின் எண்ணைக்கூட மறைக்காமல் அனுப்பியவள். உண்மையான எண் குழந்தையைக் கெடுக்கும், பொய்யான எண் காப்பாற்றும். இதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் பக்கம் இல்லை.

கஸ்பார்: 102 என்று அடித்து அனுப்பிவிட்டேன். கை நடுங்கவில்லை.

இன்னொன்று. இதே பெட்டியில் கொத்தனார் வேதமுத்துவின் குப்பி. அதுவும் உயர்ந்திருக்கிறது. கீழேயே ஒருவர் சரியாமல் இருக்கிறார். அவர் என்ன குடிக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று உடனே விசாரிக்கும்படி எழுதி, வேதமுத்து 238 என்று அப்படியே அனுப்பினேன். இவரைக் காட்டியாவது டாக்டரை நம்பவைக்கலாம்.

15:20. வானொலி, டாக்டர் ஹபீப்:

"டெல்பின், வேதமுத்துன்னு நான் எழுதி அனுப்பினதும் பிள்ளையோட ரத்தம்தான். ஒரே குத்துல எடுத்த ரெண்டு துளி. ஒண்ணுக்கு எரநூத்தி முப்பத்தெட்டு, ஒண்ணுக்கு நூத்திரெண்டு போட்டிருக்கீங்க. சந்தேகம் வந்தா பேர மாத்தி அனுப்பிப் பாக்கணும்னு சொன்னதும் நீங்கதான். எனக்குக் கோவம் இல்ல. நீங்க முடியாதவங்க, உங்ககிட்ட இவ்வளவு பெரிய பொறுப்பக் குடுத்தது எங்க தப்பு."

இரண்டும் 238. ஒரே எண். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் என் கண்ணில் படவில்லை. நான் சந்தோஷத்தில் இருந்தேன்.

அவர் செய்தது முற்றிலும் சரியான சோதனை. நான் கற்றுக்கொடுத்த மாணவர் எல்லாரிலும் அவர்தான் சுத்தமாக வேலை செய்பவர். அதுதான் தாங்கமுடியவில்லை.

ஆண்டு 7, நாள் 227. 10:05

கருவியைக் கீழிருந்தே இயக்குகிறார்கள். நான் குப்பியை வைப்பதோடு சரி, எண் தானாகப் போய்விடுகிறது. மின்சாரக் கட்டுப்பாடும் அவர்கள் கையில். பிரிஸ்காவின் பெட்டியைச் சோதித்து மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டார்கள். என்னோடு பேச அவளுக்கு அனுமதியில்லை. குழந்தைக்கு இன்று முதல் அடக்கும் மாத்திரை.

குப்பியை வைக்காமல் இருக்கலாமே என்று யோசித்தேன். வைக்காவிட்டாலும் மருந்து நிற்காது. அளவு தெரியாமல் இன்னும் கூடுதலாகக் கொடுப்பார்கள். வைக்கிறேன்.

பொது அலைவரிசையில் அரைமணிக்கு ஒருமுறை கத்திப் பார்த்தேன். தண்ணீர், குழந்தை, தண்ணீர். யாரோ மிகவும் அன்பாக, தூங்குங்கள் அக்கா என்றார்கள்.

ஆண்டு 7, நாள் 241

பம்பு அடியோடு நின்றது. தொட்டி காலி. கலத்தில் குடிக்க ஒரு சொட்டு இல்லை.

கீழிருந்து தண்ணீர் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பெரிய பை. யாரோ பையின்மேல் சிரிக்கும் முகம் வரைந்திருக்கிறார்கள். காய்ச்சி வடித்தால் உப்பு தங்கிவிடும். அடுப்புக்கு மின்சாரம் கேட்டேன். உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டு நாள் குடிக்காமல் இருந்தேன். இன்று குடித்தேன். நல்ல தண்ணீர். குளிர்ச்சியாக இருந்தது.

ஆண்டு 7, நாள் 268

நேரம் குறிக்க மறந்துவிட்டது. ஊர்க்கலவை 100.

வானொலி, டாக்டர் ஹபீப்:

"மாத்திரை நல்லா வேல செய்யுது, டெல்பின். பிள்ள நூத்திப்பத்துக்கு எறங்கிட்டான். நிம்மதியாத் தூங்குறான். உங்க பேச்சும் இப்ப நெதானமா இருக்கு. பிரிஸ்காவ ரெண்டு நிமிசம் பேசச் சொல்லியிருக்கேன்."

வானொலி, பிரிஸ்கா:

"அக்கா, எம்முகத்தையே பாத்துக்கிட்டு கெடந்தாம்லா. இப்ப பாக்க மாட்டேங்கான். நீ சொன்னதுதான் சரியோன்னு தோணுது. நாலஞ்சு நாளா டாக்டர்ட்ட சொல்லணும் சொல்லணும்னு நெனைக்கேன். எந்திரிச்சுப் போவ முடியல அக்கா. அப்படியே ஒக்காந்திருக்கேன்."

போ என்றேன். இப்போதே எழுந்து போ என்றேன். சரி என்றாள். நேரம் முடிந்துவிட்டது.

ஆண்டு 7, நாள்

இன்று எழுத நினைத்தது ஒன்று. எது என்று

பிரிஸ்கா போனாளா தெரியவில்லை. கேட்கவேண்டும். நேற்றும் கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.

கண்டெடுப்பவருக்கு. இனி என் பதிவுகள் அமைதியாக இருக்கும், கோபம் இருக்காது. அவற்றை நம்பாதீர்கள். பூமிக் குப்பியில் மிஞ்சியதைச் சின்னச் சின்னதாகப் பிரித்து உறையவைத்திருக்கிறேன். கருவியில் அதைத்தான் முதலில் ஓட்டுங்கள். ஊர்க்கலவையைக் கொட்டிவிடுங்கள். பிறகு கீழே போய்த் தண்ணீரை மாற்றுங்கள். பெரியவர்கள் மெல்ல மெல்ல விழித்துக்கொள்வார்கள். பிரிஸ்கா விழித்ததும் முதலில் மகனைத்தான் பார்ப்பாள், அப்போது யாராவது அவள் பக்கத்தில் இருங்கள்.

அவன் பெயர் கஸ்பார். அதற்குள் வளர்ந்திருப்பான். உங்களைப் பார்த்து ஓடிவரமாட்டான், பெயரைக் கேட்டால் உடனே சொல்லமாட்டான். அவனிடம் மெதுவாகப் பேசுங்கள், அதட்டாதீர்கள். கொஞ்ச நாள் நன்றாக அழுத பிள்ளை.